மலை வண்டிக்கு நான் ஊற்றிய கார் ஆயில்

பைக் கியருக்கு எந்த ஆயில் நல்லது என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறீர்கள். கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. கை நடுக்கம் வந்து ஸ்பேனர் பிடிக்க முடிவதில்லை. ஆனாலும் கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கடை போட்டிருக்கும் உங்களில் யாராவது ஒருவர், டீக்கடையில் என்னை மடக்கி இதே கேள்வியைக் கேட்கிறார். நான் டப்பாவின் பெயரைச் சொல்வதில்லை. "வண்டி எங்க ஓடுது?" என்று திருப்பிக் கேட்கிறேன். பாய்க்கு வயசாகிவிட்டது, கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று நீங்கள் சிரித்துக்கொள்வதும் எனக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். நம் தொழில்காரர்கள் யாரிடமும் இதை நான் முழுதாகச் சொன்னதில்லை. மலையில் இது நடந்த ஊரின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அது நூறு சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் கல்வராயன் மலைக்கு ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கிய காலம். செல்போன் மலைக்கு வரவில்லை. ஒரு ஊருக்கு ஒரு வண்டி இருந்தால் பெரிது. அந்த வண்டிதான் அந்த ஊருக்குத் தபால், மருந்து, பிரசவத்துக்குப் போகும் வாகனம், எல்லாம். என் கடை கச்சிராயபாளையம் ரோட்டில் இருந்ததால் மலை வண்டிகள் பாதி என்னிடம்தான் வரும். "கியர் வேலைன்னா பாய் கடை" என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சு என் காதுக்கு இனிமையாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சடையன் என்று ஒருவர். மரவள்ளி போடும் விவசாயி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை "வாப்பா, போப்பா" என்றுதான் கூப்பிடுவேன். மலைக்காரர்களை டவுன்காரர்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் என்னை ஒரு நாளும் "ங்க" போடாமல் பேசியதில்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு வண்டி வைத்திருந்தார். அவர் ஊரில் இருந்த ஒரே வண்டி அதுதான்.

ஒரு நாள் வந்து நின்றார்.

"பாய், கியரு கல்லு மாதிரி கீதுங்க. மாத்தி மாத்தி செருப்பே தேஞ்சி போச்சி."

அந்த வண்டிக்கு கிளச் பிளேட் எல்லாம் ஐந்து மாதம் முன்பு நான்தான் புதிதாகப் போட்டிருந்தேன். கியரில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. பழைய ஆயிலை இறக்கி, கம்பெனி சொன்ன ஆயிலையே ஊற்றி, கிளச் கேபிளைச் சரி செய்து அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த மாதம் என்னிடம் ஒரு பெரிய டின் இருந்தது. தெரிந்த கார் மெக்கானிக் ஒருவர் கடையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. புது மாடல் கார் இன்ஜினுக்கான உயர்ந்த ஆயில். தேன் மாதிரி நிறம், தண்ணீர் மாதிரி ஓட்டம். இரண்டு மூன்று உள்ளூர் வண்டிகளுக்கு ஊற்றிப் பார்த்திருந்தேன். கியர் வெண்ணெயில் கத்தி வைத்த மாதிரி விழுந்தது. காருக்கே நல்லது என்றால் பைக்குக்குக் கேட்கவே வேண்டாம் என்று என் புத்தி சொன்னது.

"உனக்கு ஸ்பெஷலா ஒண்ணு ஊத்தறேன்ப்பா. அப்புறம் பாரு" என்றேன்.

ஊற்றினேன். ஓட்டியும் பார்த்தேன். வடக்கனந்தல் வரை போய்த் திரும்பினேன். அந்த ரோட்டில் ஒரு மேடு கிடையாது. வண்டியில் நான் ஒருவன்தான். கியர் சத்தமே இல்லாமல் மாறியது. சடையன் ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, வாயெல்லாம் பல்லாக, "எம்மாம் சாஃப்ட்டா கீதுங்க பாய்!" என்றார். அந்தச் சிரிப்போடுதான் மலைக்குப் போனார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். காரில் கிளச் தனியாக, காய்ந்த இடத்தில் இருக்கிறது. இன்ஜின் ஆயில் அதைத் தொடுவதில்லை. நம் வண்டியில் இன்ஜின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. உராய்வைக் குறைப்பதற்கென்றே மருந்து கலந்த கார் ஆயிலை அதில் ஊற்றினால், கியருக்கு இதம்தான். கிளச் பிளேட்டுகளோ ஒன்றையொன்று கவ்வ முடியாமல் வழுக்கும். சமதரையில், ஒரு ஆள் போகும்போது அது தெரியாது. பாரம் ஏறி, மேடு வந்து, ஆயில் சூடாகும்போதுதான் தெரியும். இன்று இது டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அன்றும் அந்த டின்னில் காருக்கு என்று பெரிதாக எழுதியிருந்தது. படிக்கத் தெரியாமல் நான் ஊற்றவில்லை.

எனக்கு எச்சரிக்கையும் வந்தது. வடக்கனந்தல் பால்காரர் ஒருவர், இதே ஆயில் ஊற்றிய பத்து நாளில் திரும்பி வந்தார். "இன்னா பாய், சத்தம்தான் ஜாஸ்தி கீது, இழுவ கம்மியாயிடிச்சி" என்றார். பின்னால் நாலு கேன் பால் கட்டியிருந்தார். நான் கிளச் கேபிளை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, "இவ்ளோ பாரம் கட்டினா வண்டி இன்னா பண்ணும்?" என்று அவரையே குறை சொல்லி அனுப்பினேன். ஒருவர் தன் வண்டியைப் பற்றிச் சொல்லும்போது நம் காது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே என் காது இல்லை. ஸ்பெஷல் ஆயில் என்று நானே வைத்த பெயரில் இருந்தது.

சடையன் வண்டிக்கு ஆயில் ஊற்றி ஒன்றரை மாதம் கழித்து, மரவள்ளி மூட்டை ஏற்றி வந்த ஒரு மினி லாரி என் கடை முன்னால் நின்றது. மூட்டைகளுக்கு மேல் சடையனின் வண்டி படுத்திருந்தது. சடையன் டிரைவருக்குப் பக்கத்திலிருந்து இறங்கினார். மொட்டை அடித்த தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது.

"யாருப்பா?" என்று கேட்டேன்.

"வூட்லதாங்க பாய். காசியம்மா."

பெஞ்சில் உட்கார்ந்து, மனைவி போனதைச் சொன்னார். அழவில்லை. யாருடைய வண்டியின் கோளாறையோ சொல்வது போல வரிசையாகச் சொன்னார்.

உச்சி வெயில் நேரம் காசியம்மா கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தபோது கணுக்காலுக்கு மேலே கடித்திருக்கிறது. கண்ணாடி விரியன். சடையனும் காசியம்மாவின் தம்பியும் பக்கத்துக் கொல்லையில்தான் இருந்திருக்கிறார்கள். உடனே வண்டியை எடுத்திருக்கிறார்கள். அவர் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. தார் ரோட்டைப் பிடிக்க முதலில் மேலே ஏற வேண்டும், அதற்குப் பிறகுதான் மலை இறக்கம்.

"மூணு பேரு ஏறனோங்க. நான் முன்னால, அவ நடுவுல, மச்சான் பின்னால அவள புடிச்சிக்கினு. மொத வளைவு நல்லாத்தான் ஏறிச்சி. ரெண்டாவது மேட்டுல இன்ஜினு கத்துது, வண்டி போவல. கத்துது, கத்துது, போவல. மச்சான எறக்கிட்டுப் பாத்தேன். அவளால தனியா குந்த முடியல, சாயறா. திரும்பியும் அவன ஏத்திக்கினு பாத்தேன். தீஞ்ச நாத்தம் வருது. கொஞ்ச நேரம் ஆற வுட்டு மறுபடியும் ஸ்டார்ட் பண்ணேன். நாலு அடி போவுது, நிக்கிது. அவ சொல்றா, எறக்கி வுடு, நான் நடக்கறேன்னு. நடக்கறேன்னு சொல்றா பாய்."

கடைசியில் தம்பி ஓடிப்போய் ஊர் ஆட்களைக் கூட்டி வந்து, கம்பளியில் தூளி கட்டிக் கழியில் தூக்கி, தார் ரோட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கே ஒரு ஜீப்புக்குக் காத்திருந்தது வேறு. மலையடிவாரத்தில் கோமுகி அணையைத் தாண்டும்போதே காசியம்மாவின் பேச்சு குளறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், முடிந்ததையெல்லாம் செய்தார்கள். சிறுநீர் நின்று போய், மூன்றாவது நாள் இறந்துவிட்டார்.

சொல்லி முடித்துவிட்டு வண்டியைக் காட்டினார். "இன்னான்னு பாருங்க பாய்."

கிளச் மூடியைத் திறந்தேன். திறக்கும்போதே தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி பளபளத்தன. நடுவில் இருக்கும் இரும்புத் தகடுகள் நீலம் பாரித்திருந்தன. ஆறேழு மாதம் ஓடிய பிளேட் அப்படி ஆகக் கூடாது. பால்காரர் சொன்னது அப்போதுதான் எனக்குக் கேட்டது. ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் கை நின்றுவிட்டது.

சடையன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் அவசரத்துல கிளச்ச பாதி புடிச்சிக்கினே முறுக்கிட்டேன் போல. அதான் தீஞ்சிடிச்சி. இல்லீங்களா பாய்?"

நான் அவரைத் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னேன். "அவசரத்துல எல்லாருக்கும் அப்படித்தான்ப்பா ஆவும். மனச வுட்டுடாத."

ஆறுதல் மாதிரி ஒலிக்கும் சொற்கள்தான். அவற்றால் முழுப் பழியையும் தூக்கி அவர் தலையில் வைத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு தலையாட்டினார். "வண்டிய செஞ்சி வைங்க. நான் அப்பால வரேன்" என்று சொல்லிவிட்டு லாரியிலேயே போய்விட்டார்.

அன்று மாலை அந்த டின்னை எடுத்து வெளிச்சத்தில் வைத்து, எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். மறுநாள் என் சொந்த வண்டிக்கு அந்த ஆயிலை ஊற்றினேன். பின்னால் இரண்டு சிமெண்ட் மூட்டை கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினேன். முதல் நாலு வளைவு ஏறியது. அதற்கு மேல் இன்ஜின் கத்தியது, வண்டி போகவில்லை. சடையன் சொன்ன அதே சத்தம். அந்த ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. செய்ய வேண்டிய சோதனையைத்தான் செய்திருந்தேன், செய்ய வேண்டிய நாள் போன பிறகு.

என் மனைவியின் அண்ணன் டவுனில் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை. என் பிள்ளைகள் மேல் என்னைவிட அவருக்குப் பாசம் அதிகம். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"பாம்பு கடிச்சி செத்துப்போச்சி. நீ இன்னா பாம்பா மச்சான்? அந்த ஆளு வந்து உன்ன கேட்டானா? கேக்கல. நீயா போயி சொன்னா நாளைக்கி உன் கடைக்கு எவன் வருவான்? ஆயில தூக்கிக் கடாசிட்டு வேலையப் பாரு."

வாடிக்கையாளராக இருந்த ஒரு டாக்டரிடம், யாருக்கோ நடந்தது போலப் பேச்சுவாக்கில் கேட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? அவர் உதட்டைப் பிதுக்கினார். "சொல்ல முடியாது பாய். சீக்கிரம் வந்தா வாய்ப்பு ஜாஸ்தி. அவ்வளவுதான் எந்த டாக்டரும் சொல்ல முடியும்." பிழைத்திருப்பார் என்று சொல்லியிருந்தாலும், பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தாலும் என் மனம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் 'சொல்ல முடியாது' இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

என் வண்டியிலிருந்து அந்த ஆயிலை இறக்கிவிட்டு, டின்னையும் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டேன். சடையன் வண்டிக்குப் புது பிளேட் போட்டு, சரியான ஆயில் ஊற்றி நிறுத்தி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். நாட்கள் போயின. தொழுகையில் நிற்கும்போதுகூட அந்தப் பிளேட்டின் நீலம் கண்ணில் வரும். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது வாரம் சடையன் வந்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். அவர் கிட்டேயே வரவில்லை.

"இத வித்துடுங்க பாய். எனக்கு வாணாம். என் கைக்கு வண்டி ஆவாது."

"ஊர்ல வேற வண்டி இல்லியேப்பா. அவசரம்னா?"

"அவசரத்துக்குத்தான் இருந்திச்சி. இன்னா ஆச்சி? என் கையாலதான் போய்ட்டா."

அதைச் சொல்லிவிட்டு அவர் தன் வலது கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வாங்குவதற்குக் கச்சிராயபாளையத்தில் ஒருவர் கிடைத்தார். ஆர்.சி. புத்தகம் மாற்ற சடையனின் கையெழுத்து வேண்டும். காகிதங்களை எடுத்துக்கொண்டு நான் மலைக்குப் போனேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது என்றுதான் போனேன். அந்தப் பள்ளத்து ரோட்டில் இறங்கும்போது இரண்டாவது மேட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். மண்ணில், வண்டி நின்று பின்னால் சறுக்கிய டயர் பள்ளம் ஒன்று, மழையில் பாதி தூர்ந்து, இன்னும் இருந்தது.

சடையன் வீட்டு வாசலில் கட்டில் போட்டு என்னை உட்காரச் சொன்னார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். நான் காகிதத்தை நீட்டினேன். அவர் பேனாவை வாங்கினார். அவருடைய வலது கை எழுத்துக் கூட்டத் தொடங்கியது.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். முதல்முறையாக அவரிடம் "ங்க" போட்டேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சொல்லிவிட்டேன். கார் ஆயில், வடக்கனந்தல் ரோடு, பால்காரர், நீலம் பாரித்த தகடு, சிமெண்ட் மூட்டை, எல்லாம். "நீங்க கிளச்ச புடிச்சதால ஆவல. ஆயில்தான் வழுக்கிச்சி. நான் ஊத்தின ஆயில். அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சி போச்சி. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும் என்றும் அப்போது நினைத்தேன். அவர் பேனாவின் மூடியைப் போட்டுக் கட்டிலில் வைத்தார். கொல்லைப் பக்கம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த ஆயிலு இன்னும் யார் யார் வண்டில கீது?"

ஐந்து வாரமாக நான் காசியம்மாவை நினைத்தேன், என் கடையை நினைத்தேன், என் பிள்ளைகளை நினைத்தேன், மறுமையைக்கூட நினைத்தேன். இந்த ஒரு கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னால், கேட்டுக்கொள்ளப் பயந்தேன். வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். மனைவியைப் பறிகொடுத்தவர் அதைக் கேட்கிறார்.

"இன்னும் பதினோரு வண்டி. அதுல மலையில மூணு" என்றேன்.

எந்தெந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுந்து தோளில் துண்டைப் போட்டார்.

"உங்களுக்கு வழி தெரியாது. நானும் வரேன்."

என் வண்டியிலேயே கச்சிராயபாளையம் போய் மூன்று டப்பா நல்ல ஆயில் வாங்கினோம். திரும்ப ஏறினோம். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

முதல் வீட்டில், "ஆயில் மாத்தணும், ஃப்ரீயா மாத்தித் தரேன்" என்று ஆரம்பித்தேன். சடையன் குறுக்கிட்டார். "ஏன்னு சொல்லுங்க பாய்." சொன்னேன். அந்த வீட்டுக்காரர் இளைஞர். தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் ஆவலியே? கியரு சாஃப்ட்டாத்தான் கீது. இதே இருந்துட்டுப் போவட்டும்."

சடையன் சொன்னார். "எனக்கும் சாஃப்ட்டாத்தான் இருந்திச்சி தம்பி."

அந்த இளைஞருக்குக் காசியம்மா செத்தது தெரியும். தானே சாய்த்துப் பிடித்து ஆயிலை இறக்கிக் கொடுத்தார்.

இரண்டாவது ஊரில் வண்டி ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தது. பிரேக் மிதி வளைந்து, விளக்கு உடைந்திருந்தது. உள்ளேயிருந்து அந்த வீட்டுப் பெண் வந்தார். வீட்டுக்காரர் கட்டிலில் கிடந்தார், இடது காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. ராகி மூட்டையோடு மேடு ஏறும்போது வண்டி நின்று, பின்னால் உருண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு சரிவில் விழுந்திருக்கிறது.

"எத்தினி நாளாச்சி?" என்று கேட்டேன்.

"இருவது நாளு இருக்கும்" என்றார் அந்தப் பெண்.

சடையனின் வண்டியை நான் திறந்து பார்த்து முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. கணக்குப் போட வேண்டிய வேலையே இல்லை. காசியம்மா விஷயத்தில் யாரும் 'சொல்ல முடியாது' என்று சொல்லலாம். இந்தக் காலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. முதல் தவறு தெரியாமல் செய்தது. இது தெரிந்து வாயை மூடியதால் வந்தது.

சடையன் இந்த முறை என்னைச் சொல்லச் சொல்லவில்லை. ஒதுங்கி நின்றார். நானே சொன்னேன். அந்தப் பெண் முழுவதும் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் குரல் ஊர் முழுக்கக் கேட்கும்படி எழும்பியது.

"தெரிஞ்சிக்கினே ஒரு மாசம் வாய மூடிக்கினு இருந்தியா நீ? உன் புள்ள குட்டி சோறு துன்னா போதும், இல்ல? இந்தக் காலு கூடலன்னா கூலிக்கி யாரு போறது, நீ போறியா?"

கட்டிலில் கிடந்தவர், "சரி வுடு புள்ள" என்றார். அந்தப் பெண் விடவில்லை. விட வேண்டிய நியாயமும் இல்லை. அக்கம்பக்கத்தார் கூடி நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அந்த உடைந்த வண்டிக்கு ஆயில் மாற்றினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். அந்தக் கால் பின்னால் கூடியது, ஆனால் ஒரு விரற்கடை குட்டையாகத்தான் கூடியது.

மூன்றாவது வீட்டில் ஒன்றும் நடந்திருக்கவில்லை. ஆள் இல்லை, அவர் அப்பா இருந்தார். சொன்னேன், மாற்றினேன். அப்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. சடையனின் ஊருக்குப் பிரியும் இடத்தில் அவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார்.

"ஊட்டாண்ட வுட்டுட்டுப் போறேன், ஏறுங்க" என்றேன்.

"வாணாம். நடந்தே போறேன்."

"வண்டிய விக்காதீங்க. புது பிளேட்டு போட்டு வச்சிருக்கேன். ஊருக்கு வேணும்."

அவர் யோசித்தார். "விக்கல. மச்சான வரச்சொல்றேன், குடுத்துடுங்க. அவன் ஓட்டட்டும்." ஓரிரண்டு அடி போனவர் திரும்பி நின்றார். கோபமில்லாத, சோர்ந்த குரலில் சொன்னார். "ஆனா இனிமே உங்க கடைக்கு அது வராதுங்க பாய்."

அந்த நேரத்திலும் "ங்க" போட்டார்.

மீதி எட்டு வண்டிகளுக்கும் அடுத்த இரண்டு நாளில் வீடு வீடாகப் போனேன். துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் ஏன் என்று சொல்லித்தான் மாற்றினேன். பால்காரர் மட்டும் சிரித்தார். "நான் அன்னைக்கே சொன்னேனே பாய்" என்றார். என் மச்சான் சொன்னது பாதி பலித்தது. மலை வண்டிகள் வருவது ஒரு வருடத்துக்கு நின்று போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தன. எல்லாம் வரவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. தவறான ஆயிலை நீங்களும் ஒரு நாள் ஊற்றுவீர்கள். ஆயில் இல்லாவிட்டால் வேறொன்று. கை வைத்து வேலை செய்கிற யாருக்கும் அது நடக்கும். அது தெரிந்த நிமிடத்தில் உங்கள் மனம் உங்களைச் சுற்றியே வட்டம் போடும். என் பெயர், என் கடை, என் பாவம் என்று. பாவத்தை நினைத்து அழுவதுகூட அந்த வட்டத்துக்குள்தான். அதை விட்டு வெளியே வந்து, அதே பொருள் வேறு யார் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். அழுவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் ஐந்து வாரம் தாமதித்தேன்.

சடையனை அதற்குப் பிறகு சந்தையில் ஒன்றிரண்டு முறை தூரத்தில் பார்த்திருக்கிறேன். அவரும் பார்த்தார். இருவரும் கிட்டே போகவில்லை. அவர் இறந்த செய்தியும் தாமதமாகத்தான் எனக்கு வந்தது.

அந்த வண்டியை மட்டும் ஒரு முறை கிட்டத்தில் பார்த்தேன். எல்லாம் நடந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். அணைக்கு மேலே, மலை ஏறும் முதல் வளைவில் நான் எதிரே இறங்கி வந்துகொண்டிருந்தேன். காசியம்மாவின் தம்பி ஓட்டிக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு பெண், மடியில் துணியில் சுற்றிய குழந்தை, பின்னால் ஒரு கிழவி, கையில் ஆஸ்பத்திரிப் பை. பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. அவர் என்னைக் கவனிக்கவில்லை. மேட்டில் கியரைக் குறைத்து முறுக்கினார்.

நான் ஓரமாக ஒதுங்கி என் வண்டியை அணைத்தேன். அந்த இன்ஜினின் சத்தம் ஏற ஏற வண்டியும் கூடவே ஏறியது. இரண்டும் ஒன்றாகவே போயின. அவர்கள் அடுத்த வளைவில் மறையும்வரை, அதற்கடுத்த வளைவில் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்டார்ட் செய்து கீழே இறங்கினேன்.